வடக்கு-கிழக்குத் தமிழரும் மலையகத் தமிழரும்: வாழ்நிலை ஒப்பீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கைத் தமிழர் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு யாழ்ப்பாணமும் முள்ளிவாய்க்காலும்தான் நினைவுக்கு வருகின்றன. நுவரெலியா, ஹட்டன், பதுளை, பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் பல தலைமுறைகளாக வாழ்பவர்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால், "அவங்களும் தமிழர்தானே, பிரச்சினையும் அதேதானே?" என்று கேட்கிறார்கள். மொழி ஒன்றுதான். ஆனால் இரண்டு சமூகங்களும் வந்த வழி வேறு, இன்று நிற்கிற இடமும் வேறு. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அந்த வேறுபாடு கடைசியில் நிலத்தில் வந்து நிற்கிறது என்பது என் எண்ணம். கீழே உள்ள பதில்கள் அதையொட்டியே போகின்றன.

எல்லாரும் தமிழர் என்னும்போது ஏன் இரண்டு சமூகங்களாகப் பிரித்துப் பேச வேண்டும்?

பிரித்தது நாமல்ல, அரசுக் கணக்குதான். 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று இரண்டு இனங்களாகவே பதிந்து வருகிறார்கள். 2012 கணக்கின்படி இலங்கைத் தமிழர் சுமார் 22.7 லட்சம் பேர், இந்தியத் தமிழர் சுமார் 8.4 லட்சம் பேர். இந்த இரண்டாவது மக்கள் தங்களை மலையகத் தமிழர் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பிரித்துப் பார்க்காவிட்டால் ஒரு சிக்கல் வருகிறது. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் தோட்டத்துப் பிள்ளையின் நிலை அதற்குள் மறைந்துபோகும். யாழ்ப்பாணத்துப் பள்ளிகளின் பெருமையை வைத்து 'தமிழர் படித்தவர்கள்' என்று சொல்லிவிட்டால், ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன தோட்டப் பள்ளிகளைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த இடைவெளி எப்போது தொடங்கியது?

1823ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் உயர்கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். கணிதமும் வானியலும் தமிழ் இலக்கியமும் அங்கே ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி வந்தது. இந்தக் கல்வியை வைத்து யாழ்ப்பாணத்தின் அடுத்தடுத்த தலைமுறைகள் கொழும்பில் எழுதுவினைஞர்களாகவும் மலாயாவில் ரயில்வே அதிகாரிகளாகவும் போனார்கள்.

அதே 1823இல்தான் தோட்ட வேலைக்காக முதல் தொழிலாளர் கூட்டம் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு வந்தது என்று கணக்கு வைத்து, 2023இல் 'மலையகம் 200' நினைவுகூரப்பட்டது. மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம், நெல்லைப் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி வந்தவர்கள் இவர்கள். மன்னாரில் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே பாதையில் மக்கள் நடந்ததும் அந்த இறப்புகளை நினைத்துத்தான்.

வந்தவர்கள் கடனோடுதான் வேலையைத் தொடங்கினார்கள். ஆள் சேர்த்து வந்து மேற்பார்த்த கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் அவர்கள் பெயரில் ஏறியிருக்கும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கடனை எழுதிய 'துண்டு' கூடவே போகும். புதிய தோட்டம் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ளும். இந்த முறையைத் தடை செய்யவே 1921 வரை ஆனது. ஆக, ஒரு பக்கம் பிள்ளைகள் கையில் புத்தகம் ஏறிய நூறாண்டில் இன்னொரு பக்கம் கடன் தலைமுறை தாண்டிச் சேர்ந்துகொண்டிருந்தது.

குடியுரிமை பறிக்கப்பட்டது இரண்டு சமூகத்தையும் பாதித்ததா?

நேரடியாகப் பாதித்தது மலையக மக்களைத்தான். சுதந்திரம் கிடைத்த சில மாதங்களிலேயே, 1948இன் குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. தந்தை இலங்கையில் பிறந்தார் என்பதைக் காகிதத்தில் காட்டு என்றது சட்டம். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் அப்படிக் காகிதம் இருந்திருக்கும்?

அப்போது வடக்கின் தமிழ்த் தலைமை ஒரே குரலில் நிற்கவில்லை. தமிழ்க் காங்கிரஸ் அரசோடு சேர்ந்ததை எதிர்த்து வெளியேறிய செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அந்தப் பிளவுக்கு மலையக மக்களின் குடியுரிமை முக்கியக் காரணம். எதிர்த்து நின்றவர்களையும் மறக்கக் கூடாது, அரசோடு போனவர்களையும் மறக்கக் கூடாது. மலையகத்தில் இன்றும் பெரியவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்வார்கள்.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். யாரைப் பற்றிய ஒப்பந்தமோ அவர்களை யாரும் கேட்கவில்லை. நாடற்றவர் என்ற நிலை முழுவதும் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்கு இல்லாத மக்களுக்குச் சாலை போட, பள்ளி கட்ட எந்த அரசியல்வாதிக்கு அவசரம் இருக்கும்? அந்த முப்பது, நாற்பது ஆண்டு இழப்பு இன்றைய புள்ளிவிவரங்களில் அப்படியே தெரிகிறது.

வறுமையில் எந்தச் சமூகம் அதிகம் வாடுகிறது?

அரசின் வறுமைக் கணக்கு இனவாரியாக வருவதில்லை. நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகவும் மாவட்டவாரியாகவும் வருகிறது. 2019இன் வீட்டு வருமான, செலவு ஆய்வில் நாட்டின் வறுமை 14.3 சதவீதம். நகரத்தில் 6, கிராமத்தில் 15, தோட்டத்தில் 33.8. தோட்டத்தில் மூன்றில் ஒருவர் ஏழை.

அதே ஆய்வில் மிக ஏழ்மையான மாவட்டம் எது என்று பார்த்தால் முல்லைத்தீவு, 44.5 சதவீதம். போரின் கடைசிக் கட்டம் நடந்த மண் அது. 2016இல் அந்த இடத்தில் கிளிநொச்சி இருந்தது. யாழ்ப்பாண நகரத்து நடுத்தரக் குடும்பத்தையும் வன்னியில் வீடிழந்த குடும்பத்தையும் 'வடக்குத் தமிழர்' என்று ஒரே தட்டில் வைத்து, 'அவர்கள் வசதியானவர்கள்' என்று சொல்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: 2016 ஆய்வில் தோட்ட வறுமை 8.8 சதவீதம் என்று இருக்கும். மூன்றே ஆண்டில் நான்கு மடங்கானது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இடையில் வறுமைக்கோட்டைக் கணக்கிடும் அடிப்படையைத் திருத்தினார்கள். கோடு மேலே ஏறியதும், மயிரிழையில் தப்பியதாகக் காட்டப்பட்ட குடும்பங்களெல்லாம் உள்ளே வந்துவிட்டன. கோட்டுக்குச் சற்று மேலே அத்தனை பேர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் இதில் தெரிய வருவது.

என்னை மிகவும் உலுக்கும் எண் வேறொன்று. 2016இன் மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டளவில் 17 சதவீதம், தோட்டத்தில் 32 சதவீதம். தாய்க்கு இரத்தசோகை, பிள்ளைக்கு ரொட்டியும் தேயிலைச் சாயமும் என்று ஓடுகிற வீட்டில் உயரம் எங்கிருந்து வரும்?

தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம் எவ்வளவு?

காகிதத்தில் சொல்வது எளிது. 2015 அளவில் எழுந்த 1,000 ரூபாய்க் கோரிக்கை 2021 மார்ச்சில்தான் நிறைவேறியது. அடுத்த ஆண்டு நாடு திவாலாகி, 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. ஆறாண்டு போராடி வாங்கியதை ஓராண்டு விலைவாசி தின்றுவிட்டது. 2024இல் 1,350 ரூபாயாக உயர்ந்தது.

கைக்கு வருவது வேறு கதை. காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்து மலைக்கு அனுப்புவார்கள். பறித்த கொழுந்தை மடுவத்தில் நிறுக்கும்போது ஈரத்துக்கு, சாக்குக்கு என்று சில கிலோவைக் கழிப்பார்கள். தோட்டம் சொன்ன அளவு, 18 கிலோவோ 20 கிலோவோ, வந்தால் ஒரு பேர், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். வறட்சியில் கொழுந்து இல்லாத மாதம், மலை காடாகக் கிடக்கிற மாதம், அரைப்பேரே அதிகம் விழும். மாதத்தில் எத்தனை நாள் வேலை என்பதும் தோட்டத்தின் கையில்தான். பிறகு சம்பளத் துண்டைப் பாருங்கள்: ஊழியர் சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள் என்று ஒவ்வொன்றாகக் கழிந்து வரும். அறிவிக்கப்பட்ட நாள் சம்பளத்தை முப்பதால் பெருக்கி 'நல்ல வருமானம்தானே' என்று கேட்பவர்கள் இந்தத் துண்டை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஆணுக்குச் சமமான நாள் சம்பளம் அவர்களுக்குக் கிடைத்தது 1984இல், பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு.

வடக்கில் இப்படி ஒரே முதலாளியின் சம்பளத்தை நம்பி ஒரு சமூகமே நின்றதில்லை. வெங்காயம், புகையிலை, மீன்பிடி, அரசு வேலை, கடை என்று வருமானம் பல வழிகளில் வந்தது. போர் அத்தனையையும் உடைத்தது என்பது உண்மை. ஆனாலும் உடைந்தபின் மறுபடி தொடங்க வெவ்வேறு வழிகள் இருந்தன.

நிலம்தான் பெரிய வேறுபாடு என்கிறீர்கள். எப்படி?

யாழ்ப்பாணத்துக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய வளவாக இருந்தாலும் கிணறு, நாலு பனை, வேலி, ஒரு காணி உறுதி (நிலப் பத்திரம்). யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை இன்றும் நடைமுறையில் உள்ளது. பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கும் காணி அவள் பெயரில் நிற்கும். (விற்பதற்குக் கணவனின் சம்மதம் வேண்டும் என்ற குறை அந்தச் சட்டத்தில் இருக்கிறது.) 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இராணுவம் வெளியேற்றிய மக்கள் கால் நூற்றாண்டு முகாம்களில் கிடந்தார்கள். அது கொடுமை. அந்தக் கொடுமையிலும் 'இது என் காணி, திருப்பிக் கொடு' என்று கேட்க ஒரு உறுதி கையில் இருந்தது. கேட்டுக் கேட்டுப் பலர் திரும்பவும் போயிருக்கிறார்கள்.

இப்போது தோட்டத்து லயத்துக்கு வாருங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா (அறை), முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் புகை போக வழியில்லாத அடுப்படி. வெள்ளைக்காரன் காலத்தில் வரிசையாகக் கட்டியது. மூன்று தலைமுறை ஒரே காம்பராவில் இருக்கும். மகனுக்குக் கல்யாணம் என்றால் இஸ்தோப்பைத் தகரத்தால் மறைத்து அறையாக்குவார்கள். அதற்கும் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். நூறாண்டு வாழ்ந்தாலும் அந்தக் காம்பரா அவர்களுக்குச் சொந்தமில்லை. சொந்தமில்லாததால் வங்கியில் ஈடு வைக்க முடியாது, வீட்டைச் சொந்தச் செலவில் திருத்தவும் தைரியம் வராது. மழைக்காலத்தில் மண்சரிவு அபாயம் என்று தெரிந்தாலும் நகர இடமில்லை. 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் அப்படியே மண்ணுக்குள் புதைந்தன. அங்கே ஆபத்து இருப்பதை அதிகாரிகள் முன்பே சொல்லியிருந்தார்கள். போவதற்குத்தான் ஒரு துண்டு நிலம் இல்லை.

முகவரியும் இல்லை. தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும்தான் முகவரி. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குப் போய்க் கைமாறி வரும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கழிந்து வந்த கதை மலையகத்தில் எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம்.

2015க்குப் பிறகு 7 பேர்ச்சஸ் (சுமார் 1,900 சதுர அடி) நிலத்தில் தனி வீடு என்ற திட்டம் வந்தது. இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள்; 2017இல் நோர்வூட் வந்த பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகள் அறிவித்தார். போருக்குப் பிந்தைய வடக்கு-கிழக்கில் இதே இந்தியத் திட்டம் 46,000 வீடுகள் கட்டியது. அங்கே வேகமாக முடிந்ததற்கு ஒரு காரணம், பெரும்பாலான குடும்பங்களிடம் காணி இருந்தது. அவர்களே முன்னின்று கட்டிக்கொண்டார்கள். மலையகத்தில் வீட்டுக்கு முன்னால் நிலத்தைப் பிரித்து வாங்க வேண்டியிருந்தது.

கல்வியில் நிலைமை என்ன?

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே விடப்பட்டன. ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை, ஐந்தாம் வகுப்பு வரை என்று தோட்ட நிர்வாகத்தின் கீழேயே கிடந்தவற்றை அரசு முறையாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலிருந்துதான். அங்கேயே ஒரு தலைமுறை பின்தங்கிவிட்டது.

வடக்குக்கு வேறு அடி விழுந்தது. 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் கொண்டுவந்து தமிழ் மாணவர்களின் வாய்ப்பைக் குறைத்தார்கள். 1981இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டது. படிப்பையே முதலாக வைத்திருந்த சமூகத்தின் முதலில் கைவைத்த செயல்கள் அவை.

மாவட்ட ஒதுக்கீட்டால் நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்களுக்குக் குறைந்த வெட்டுப்புள்ளி கிடைத்தது. ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் நடத்தும் தமிழ்ப் பள்ளிகளும் ஆசிரியர்களும் அங்கே மிகக் குறைவு. வெளிமாவட்டப் பிள்ளைகள் வந்து பதிந்து அந்த இடங்களைப் பிடிக்கிறார்கள் என்ற குறை நெடுங்காலமாக உண்டு. மறுபக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல ஆண்டு மலையகத்திலேயே தங்கிப் படிப்பித்த ஆசிரியர்களை நன்றியோடு சொல்லும் பழைய மாணவர்களும் நிறைய இருக்கிறார்கள். ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்த பிறகு மலையகத்தின் சொந்தப் பிள்ளைகளே ஆசிரியர்களாகப் போகிறார்கள். அங்கே நடந்திருக்கும் மிக நல்ல மாற்றம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வெளிநாட்டுப் பணம் இரண்டு சமூகத்துக்கும் வருகிறதா?

வருகிறது, ஒரே மாதிரி இல்லை. வடக்கிலிருந்து போரில் ஓடியவர்கள் கனடா, பிரிட்டன், பிரான்ஸ், சுவிட்சர்லாந்தில் குடியுரிமை பெற்று நிலைத்தார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் வீடு எழும், கோயிலுக்குக் கோபுரம் எழும், பள்ளிக்குக் கட்டடம் வரும். வெளிநாட்டில் ஆள் இல்லாத வன்னிக் குடும்பம் நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணையில் மாட்டிக்கொள்கிறது. கணவனைப் போரில் இழந்த பெண்கள் இதில் அதிகம். மலையகத்திலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுவேலைக்கு மத்திய கிழக்குக்குப் போகிற பெண்கள். ஒப்பந்தம் முடிந்தால் திரும்ப வேண்டியதுதான்.

மலையகத்திலிருந்து வடக்குக்குக் குடிபோனவர்கள் எப்படி இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை, கேட்க வேண்டும். 1973-74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தது. பிறகு 1977, 1983 கலவரங்களில் லயங்கள் எரிந்தன. தமிழர் பகுதியில் பாதுகாப்பு என்று நம்பி ஆயிரக்கணக்கானோர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக்குப் போனார்கள். காடு வெட்டினார்கள், மற்றவர் வயலில் கூலி செய்தார்கள். கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற குடியேற்றங்கள் அப்படி வந்தவை. போரின் கடைசி ஆண்டுகளில் அவர்களும் மற்றவர்களோடு சேர்ந்து இறந்தார்கள்.

அரசுக் கணக்கில் இவர்களில் பலர் இன்று 'இலங்கைத் தமிழர்'. ஊருக்குள் அவர்களை வேறு பெயர் சொல்லி அழைக்கிறார்கள். குடியிருக்கும் காணிக்குப் பத்திரம் இல்லாமல், நீர்ப்பாசனம் எட்டாத மேட்டு நிலத்தில் இருப்பவர்கள் அவர்களில் நிறையப் பேர். 'தோட்டக்காட்டான்' என்ற வசையைத் தமிழர் வாயிலிருந்தே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். இதைச் சொல்லக் கசப்பாக இருந்தாலும் சொல்லாமல் விட முடியாது.

இந்தியாவுக்குத் திரும்பியவர்கள்?

நாலரை லட்சம் பேர் அளவில் வந்தார்கள். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி பக்கம் அவர்களுக்கு வேலை கொடுக்கவே தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் உண்டாயின. அங்கே அவர்களைச் 'சிலோன்காரர்' என்றார்கள்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்த ஒப்பீடு முழுமையாகுமா?

ஆகாது. யாழ்ப்பாணத்தில் கல்வியும் காணியும் வேளாளர் கையில் குவிந்திருந்தன. ஒடுக்கப்பட்ட சாதிகள் தேநீர்க்கடையில் சமமாக உட்காரவும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழையவும் போராட வேண்டியிருந்தது. 'வடக்கில் எல்லாருக்கும் காணி' என்று நான் மேலே சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முகாம்களில் கடைசிவரை தங்கிப்போனவர்களில் காணியில்லாத ஒடுக்கப்பட்ட சாதியினர் அதிகம். மலையகத்தில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். கங்காணிகள் பலர் மேல்சாதியினர். யாழ்ப்பாணத்துக்காரர் மலையகத்தாரைத் தாழ்வாகப் பார்த்ததில் தொழிலோடு சாதியும் கலந்திருந்தது.

மலையகத் தமிழர் எல்லாரும் இன்னும் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார்களா?

இல்லை. இளைஞர்கள் கொழும்புக்குக் கடை வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போய்விடுகிறார்கள். ஆசிரியர், வழக்கறிஞர், மருத்துவர் எல்லாம் உருவாகியிருக்கிறார்கள். ஆனாலும் தாய் தந்தை லயத்தில்தான் இருப்பார்கள். பல தோட்டங்களில் குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் போட்டால்தான் காம்பராவில் தொடர்ந்து இருக்கலாம் என்ற பயம் உண்டு.

சட்டத்தில் இன்னும் தடைகள் இருக்கின்றனவா?

ஒரு பெரிய தடை 2018இல்தான் நீங்கியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, சபைகள் தோட்டங்களுக்குள் தம் பணத்தைச் செலவழிக்க முடியாமல் இருந்தது. மலையக மக்கள் வாக்களித்துச் சபைக்கு உறுப்பினரை அனுப்பலாம், அந்த உறுப்பினர் அவர்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு படிக்கட்டுக் கூடப் போட முடியாது. சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது முடியும்.

நிலம் மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. 1970களில் அரசுடைமையான தோட்டங்களை 1992இல் தனியார் நிறுவனங்களிடம் கொடுத்தபோது, லயங்களும் அவை நிற்கும் மண்ணும் குத்தகைக்குள் சேர்ந்தே போயின. அந்தக் குத்தகைகள் 2045இல் முடிகின்றன. காலத்தை நீட்டித் தரும்படி நிறுவனங்கள் இப்போதே கேட்டு வருகின்றன. புதிய குத்தகை எழுதும் முன்பே குடியிருப்பு நிலத்தையும் வீட்டுத்தோட்டத்துக்கான நிலத்தையும் அளந்து பிரித்து, குடும்பத்துப் பெண்ணின் பெயரையும் சேர்த்து உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைத் தங்கள் கோரிக்கையாக எடுத்துச் சபையில் பேசலாம். காணிக்காக வருடக்கணக்கில் போராடியவர்கள் அவர்கள்; உறுதி இல்லாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.